பழைய டிராக்டரும் டீசல் தடையும்



சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாந்தோப்புகளில் ஒரு காட்சியை நாம் காண்பதுண்டு. மழை பெய்து மண் பதமாயிருக்கும். மரங்களினூடே உழுதுகொண்டிருந்த பழைய சிறு டிராக்டர் விக்கி விக்கி நின்றுவிடும். உடையவர் பாட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்ப்பார். பின்னர் பம்பையே கழற்றச் சொல்வார். பணமும் செலவாகும், ஈரமும் காய்ந்துபோகும். பல வேளைகளில் பம்பில் குற்றமே இராது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் பீச்சப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. குழாயில் காற்றுக் குமிழ் புகுந்தால், பம்பின் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே வீணாகும், டீசல் முன்செல்லாது. இதையே ‘ஏர் பிடித்துவிட்டது’ என்கிறோம்.

எஞ்சினைச் சுழற்றும்போது புகைபோக்கியில் புகையே இல்லையெனில், டீசல் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். அப்பொழுது தொட்டியிலிருந்து தொடங்கி, டீசல் செல்லும் வழியே நாமும் செல்ல வேண்டும்.

முதலில் தொட்டி மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத்துளை புழுதியால் அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீராக ஓடினால் நோய் அதுவே. அடுத்து, வடிகட்டியின் அடியில் தேங்கியதைக் கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். வடிகட்டி அழுக்கேறியிருந்தால் புதியதை மாற்றுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் காணுங்கள். பம்பு உறிஞ்சும் பக்கத்தில், டீசல் ஒழுகாத வெடிப்பிலும் காற்று நுழையக்கூடும்.

பின்னர் வடிகட்டியின் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்குங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் திருகை முடுக்குங்கள். பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பம்பிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களில் அழுத்தம் மிகப் பெரிது. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினும் கையையே இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவை விரலால் ஒருபோதும் தேடாதீர்கள். அவ்வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வையுங்கள். வெற்றிடம் குறைந்தால், இரவின் குளிர்ச்சியில் உள்ளே நீர் படிவதும் குறையும். பழைய எந்திரம் நம்மிடம் கேட்பது தூய்மையான டீசலும் சற்றுப் பொறுமையுமே.