கடலடியில் ஒரு படம்



படம் எடுக்கையில் கை ஆடாதிருக்க, ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். தரையில் இது நல்ல பழக்கம். கடலுக்கடியிலோ இதே பழக்கம் உயிரையே வாங்கிவிடக்கூடும். அது எப்படி என்று இன்று பார்ப்போம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கினார்கள். அது தீர்வதற்குள் மேலே வந்தாக வேண்டும். இந்த நிலையை மாற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்களான ழாக் கூஸ்தோவும் எமில் கக்னானும் ஆவர். 1943ஆம் ஆண்டில், முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை அவர்கள் அமைத்தார்கள். போர்க்காலத்தில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டக் கக்னான் செய்த வால்வே இதற்கு அடிப்படை.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இரு மடங்கு. கருவியும் அதே அழுத்தத்தில்தான் காற்றைத் தருகிறது. அங்கே இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே எழும்பினால், அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். முத்துக் குளிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் கொண்டு சென்ற காற்று மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. ஆகவே, கருவியோடு இறங்குபவருக்கு முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதுதான்.

ஒளியும் அங்கே வேறு விதமாக நடந்துகொள்கிறது. நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். செம்பருத்திப் பூவைக் கீழே கொண்டுபோனால், சிறிது ஆழத்திலேயே கறுத்துத் தோன்றும். விளக்கொளி பட்டால்தான் அதன் செம்மை திரும்பும். கண்ணாடி முகமூடி வழியே பார்த்தால், நான்கு மீட்டர் தொலைவிலுள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பதாகத் தெரியும்.

கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய ‘மௌன உலகம்’ என்ற படம் 1956இல் வெளிவந்தது. கான் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசும் ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தன. ஆயினும், மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையில் வெடி வைப்பதும், சுறாக்களைக் கொல்வதும் அதே படத்தில் உண்டு. பின்னாளில் அந்தக் கூஸ்தோவே கடலைக் காக்க ஒரு சங்கம் கண்டார், அது 1973இல்.

நம் சபா மாநிலத்தின் சிப்பாடான் தீவுக்கும் அவர் வந்தார். அங்கே ஆமைகளைக் காட்டும் படம் 1989இல் வெளியாயிற்று. பார்த்தவர்கள் திரண்டு வந்தனர், விடுதிகள் பெருகின. தீவு தாங்காது என்று கண்ட அரசாங்கம் 2004இல் அவ்விடுதிகளை அப்புறப்படுத்தியது.

ஆசிரியர்களாகிய நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: படம் எடுத்து முடிந்த பிறகும், அந்த இடம் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கை ஊன்றப் பவளத்தைப் பிடித்தால், பல ஆண்டு வளர்ந்த கிளை ஒரு நொடியில் ஒடிந்துவிடும். மூச்சை அடக்காமல் இருப்பது நம் உயிருக்குக் காவல். கையை அடக்கி வைப்பது கடலின் உயிருக்குக் காவல்.