மலைக்காட்டுத் தேவாங்கு



மெலிந்த உடலும் உருண்ட விழியும் உடைய ஒருவரைக் கண்டால், "தேவாங்கு போல இருக்கிறான்" என்பது நம் வீட்டு வழக்கு. அவ்வாறு சொல்வோருள் தேவாங்கை நேரிற் கண்டவர் எத்தனை பேர்? நானும் அண்மைக்காலம் வரை கண்டதில்லை. இன்றும் கண்டேன் என்று துணிந்து கூற இயலாது. அக்கதையையே சொல்ல வந்தேன்.

தேவாங்கு குரங்கினத்துக்கு உறவு. ஆயின் இரவில் மட்டும் உலவுவது. பூச்சிகளே அதன் முதன்மை உணவு. நமது நாட்டில் இரு வகைகள் உள. வரண்ட பகுதிகளிற் சாம்பல் நிறத் தேவாங்கும், ஈரவலயத்திற் செந்நிறத் தேவாங்கும் வாழ்கின்றன. செந்நிற வகையின் ஒரு கிளை, ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரமுள்ள ஹோட்டன் சமவெளியை அண்டிய முகிற்காடுகளில் உறைகிறது. குளிருக்கேற்ப அதன் மயிர் அடர்ந்து நீண்டது. கைகால்கள் சற்றே குறுகியவை. 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் படாமையால், அது அற்றுப்போயிற்று என்றே கருதினர். 2009ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தாரும் இலண்டன் விலங்கியற் சங்கத்தாரும் இணைந்து நடத்திய ஆய்வில் முதன்முறையாக அது நிழற்படத்தில் அகப்பட்டது.

இத்தகைய ஆய்வு செய்யும் மாணவர் இருவருடன், உரிய அனுமதி பெற்று, இரண்டு இரவுகள் அம்மலைக்காட்டில் நடந்தேன். விளக்கின் முகத்திற் செந்நிறத் தாள் கட்டியிருந்தார்கள். வெள்ளொளி அவ்விலங்கின் கண்ணைக் கூசச் செய்யும். ஒளி பட்டதும் விழிகள் தணல் போல மின்னும் என்றார்கள். முதலிரவு எதுவும் மின்னவில்லை. பனி முழங்காலுறையையும் நனைத்தது. எனினும் அம்மாணவி நேரம், வெப்பநிலை, மூடுபனி, மரத்தின் பெயர், ஒரு மரக்கிளைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஆகியவற்றை எழுதி, ஈற்றில் "காணப்படவில்லை" என்று குறித்தார்.

"காணாததை ஏன் எழுதுகிறீர்?" என்றேன்.

"ஐயா, காணாத இரவுகளை இன்று எழுதாவிட்டால், பத்தாண்டு கழித்து அவை கூடினவா குறைந்தனவா என்று எப்படி அறிவது?" என்றார் அவர். பல ஆண்டு கற்பித்த எனக்கு அவ்விடை சற்றே நாணத்தைத் தந்தது.

கிளைத் தூரத்தை அளப்பதற்குக் காரணமுண்டு. தேவாங்கு பாயாது, கிளையைப் பற்றிப் பற்றியே நகரும். கிளைகள் தொடுத்திருந்தாலன்றி அதற்கு வழியில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டியது போக எஞ்சிய துண்டுகளிலும், ஹோட்டன் சமவெளியிற் பல தசாப்தங்களாக மரங்கள் நுனியிலிருந்து பட்டுவருகின்றன. காரணம் இன்னதென்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. வரட்சியும் ஐயத்துக்குரியவற்றுள் ஒன்று.

இனி வெப்பத்தின் கதை. முகிற்காடு மழையை மட்டும் நம்பி வாழ்வதன்று. இலைகளிற் படியும் பனிமூட்டமும் அதற்கு நீர் வார்க்கும். காற்று சூடேறினால் முகில் கூடும் மட்டம் மேலே செல்லும்; காடும் அதனைத் தொடர்ந்து மேலேற வேண்டும். தாழ்நிலத்து உயிருக்கு ஏற இடமுண்டு. கிரிகல்பொத்தையின் உச்சியோ 2,395 மீற்றர், அதற்குமேல் வானந்தான். பூச்சிகள் பெருகும் காலமும் மழையோடு இடம் மாறினால், குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்கு இரை கிடைப்பது அரிதாகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். அதை அறியவே இம்மாணவர் குளிரில் நடக்கின்றனர்.

இரண்டாம் இரவு, ஏறக்குறைய இரண்டு மணிக்கு, பாசி படர்ந்த கிளையொன்றில் இரு செம்பொறிகள் தோன்றின. நான் மூச்சடக்கினேன். ஒருகணம் நின்று மறைந்தன. மாணவி எழுதினார்: "விழியொளி ஒரு சோடி. தேவாங்கென்பது ஐயம்." நான் மன்றாடியும் "ஐயம்" என்ற சொல்லை அவர் அழிக்கவில்லை.

தை மாதத்து உறைபனியில் மீண்டும் செல்கிறார்கள். என்னையும் அழைத்திருக்கிறார்கள், இம்முறை இரண்டு கம்பளி கொண்டுவருமாறு கூறியுள்ளார்கள்.