காகிதப்பூவுக்கு ரெண்டு குடம் எதற்கு?

"தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன் தம்பி. இலையாத் தழைக்குதே தவிர, ஒரு பூவைக் காணோம்" என்று அலுத்துக்கொண்டார் எதிர்வீட்டு அக்கா. வாசலில் வைத்த காகிதப்பூச் செடியைத்தான் சொன்னார். அந்த ரெண்டு குடம்தான் வினையே!

காகிதப்பூவுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. வேர்பிடித்த செடிக்குத் தண்ணீர் மிஞ்சினால் இலைதான் பெருகும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது ஊற்றிப் பாருங்கள், பூத்துக் குலுங்கும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். புதுத் துளிரில்தான் அடுத்த பூ வரும். முள் இருக்கிறது, கை பத்திரம்.

இன்னொரு விஷயம். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த ரோஸ் நிறத் தாள்கள் மூன்றும் நிறம் மாறிய இலைகள். அவற்றின் நடுவே குச்சி போல நீட்டிக்கொண்டு, நுனியில் வெள்ளையாய் விரிகிறதே, அதுதான் பூ. 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமேர்சொன், தம் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரையே வைத்துவிட்டார்.

புதிதாக நட்ட கன்றுக்கு மட்டும், வேர்பிடிக்கும்வரை தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.