இருபது நிமிட இசைக்கு இடம் கொடுத்தவர்

போன எபிசோட்ல சிந்தசைசர் பத்திப் பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுட்டு ஒரு நண்பர் கேட்டார்: "சரி, பாட்டு வரியே இல்லாத இந்த இசையை முதல்ல யாரு காசு கொடுத்து வாங்கினாங்க?" நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா ஜான் பீல்கிட்டதான் போகணும்.

ஜான் பீல், பி.பி.சி. ரேடியோ ஒன் அறிவிப்பாளர். 1967-ல் அந்த அலைவரிசை தொடங்கியதிலிருந்து 2004-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். துள்ளல் பேச்சு, கத்தல் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி மெதுவா, கொஞ்சம் சலிப்போட பேசுவார். ரெக்கார்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டுட்டு மன்னிப்புக் கேட்கிறதும் அவருக்குச் சகஜம். ஒருமுறை ஃப்ரிப், ஈனோ ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஆல்பத்தின் டேப் அவர் நிகழ்ச்சியில் பின்னாலிருந்து முன்னாடி ஓடிடுச்சு. பெரும்பாலான நேயர்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது!

இப்போ பெர்லினுக்கு வருவோம். எட்கார் ஃப்ரோசே நடத்திய டேஞ்சரின் ட்ரீம் குழு, ஓர் என்ற சின்ன ஜெர்மன் கம்பெனிக்காக நாலு ஆல்பம் செய்திருந்தது. நாலாவது, 1973-ல் வந்த 'ஆட்டெம்'. 'மூச்சு' என்று அர்த்தம். அதன் முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபது நிமிடத்துக்கும் மேல. பீல் அதைத் தன் நிகழ்ச்சியில் போட்டார். அந்த வருஷத்தில் தனக்குப் பிடித்த ஆல்பம் அதுதான் என்றும் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய, அன்றைய பி.பி.சி.யின் ஒரு கட்டுப்பாடு தெரியணும். இசைக் கலைஞர்கள் சங்கத்தோடும் ரெக்கார்டு கம்பெனிகளோடும் போட்ட ஒப்பந்தப்படி, இசைத்தட்டை ரேடியோவில் ஓடவிட இத்தனை மணி நேரம்தான் என்று கணக்கு உண்டு. மீதி நேரத்துக்குக் கலைஞர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்து வாசிக்க வைக்கணும். புகழ்பெற்ற 'பீல் செஷன்ஸ்' பிறந்ததே இந்த நெருக்கடியில்தான். அப்படி ரேஷன் போட்ட நேரத்தில், பேர் தெரியாத ஜெர்மன்காரங்களுக்கு இருபது நிமிடம்! ஏழு ஹிட் பாட்டு போட்டிருக்கலாம். பாராட்டு யார் வேணும்னாலும் சொல்லலாம். இவர் கொடுத்தது ரேடியோ நேரம்.

அந்த வருஷம்தான் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் ரெக்கார்ட்ஸ் தொடங்கியது. தபால் வழியா இறக்குமதி ரெக்கார்டு விற்ற கடை அது. ஜெர்மன் இசைக்கு இங்கிலாந்தில் ஆள் இருக்கு என்பது அவங்களுக்குத் தெரியும். அவங்க முதல் வெளியீடான மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தையும் பீல் ஓடவிட்டிருந்தார். 1973 முடிவதற்குள் டேஞ்சரின் ட்ரீம் வர்ஜினோடு ஒப்பந்தம் போட்டாச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் மேனர் என்கிற பழைய பண்ணை வீட்டு ஸ்டுடியோ. கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே கையில் ராட்சத மூக் சிந்தசைசர். சுருதி சேர்க்கவே மணிக்கணக்காகும். சூடு ஏற ஏற சுருதி நகரும். 'ஃபேட்ரா'வின் தலைப்பு உருப்படியைக் கவனிச்சுக் கேட்டா அந்த நகர்வு காதுக்கே தெரியும். நம்ம தம்புரா மீட்டுறவங்க துடிச்சுப் போயிடுவாங்க. அவங்க அதை அப்படியே விட்டுட்டாங்க. இப்போ அதுதான் அதோட அழகு.

1974 பிப்ரவரியில் வந்த 'ஃபேட்ரா' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 15-ஆவது இடம் வரை போனது. பாட்டு வரி இல்லை, சிங்கிள் இல்லை. அதுக்கப்புறம் 1977-ல் வில்லியம் ஃப்ரீட்கினின் 'சோர்சரர்' படத்துக்கு இசை, 1981-ல் மைக்கேல் மானின் 'தீஃப்' என்று ஃப்ரோசேயின் பாதை சினிமா பக்கமும் திரும்பியது.

பீல் என்ன செய்தார்? 1976-ல் ரமோன்ஸ் கேட்டார், பங்க் பக்கம் சாய்ந்தார். பழைய நேயர்கள் கோபப்பட்டாங்க. எனக்கு இதில் வருத்தமில்லை. ஃப்ரோசேக்கு அதுக்குள்ள ஆட்கள் சேர்ந்தாச்சு. அந்த இடம் இன்னொருத்தருக்கு வேணும்.

'ஆட்டெம்' முதல் பக்கத்தை இன்னைக்கு ராத்திரி, விளக்கை அணைச்சுட்டு, இடையில் நிறுத்தாம கேட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா திட்டி எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.