விருந்தாளிக்கு முன்னாடி வயல்: இத்தாலி போட்ட கணக்கு

கிராமத்துக்குச் சுற்றுலா வந்தா விவசாயிக்குக் காசு வரும்னு சுலபமா சொல்லிடுறோம். ஆனா வெளியூர் முதலாளி ஒருத்தர் நிலத்தை வாங்கி, காட்டேஜ் கட்டி, வாசல்ல ஒரு மாட்டு வண்டியை நிறுத்திட்டா? விவசாயி அங்கேயே வாட்ச்மேன் ஆயிடுவார். இத்தாலி இதைச் சட்டம் போட்டே தடுக்கப் பார்த்திருக்கு.

அங்க இதுக்குப் பேர் அக்ரிடூரிஸ்மோ. முதல் தேசியச் சட்டம் 1985-ல் வந்தது. இப்போ இருக்கிறது 2006-ம் வருஷச் சட்டம். நடத்துறவர் விவசாயியா இருக்கணும். விவசாயம்தான் பிரதானமா இருக்கணும்.

பிரதானம்னு எப்படி அளக்கிறது? முக்கியமா, உழைக்கிற நேரத்தை வச்சு. விருந்தாளிகளுக்குச் செலவாகுற நேரத்தைவிட விவசாயத்துக்குச் செலவாகுற நேரம் அதிகமா இருக்கணும். வருமானத்தை அளவுகோலா வச்சிருந்தா என்ன ஆகும்? விளைச்சல் பொய்த்த வருஷத்துல, அறை வாடகையை நம்பியிருக்கிற விவசாயிதான் முதல்ல தகுதி இழப்பார். அதோட, 10 விருந்தாளிகளுக்கு மேல போகலைன்னா இந்தக் கணக்கே தேவையில்லை. சின்ன விவசாயிக்குப் பெரிய நிம்மதி.

தங்க வைக்க, பண்ணையில ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களைப் பயன்படுத்தணும். பழைய தொழுவமே அறை ஆகுது. சாப்பாட்டுல பெரும்பங்கு சொந்த விளைச்சலும் அந்த வட்டாரப் பண்ணைகளோட பொருளுமா இருக்கணும். அதனால, பாலாடைக்கட்டி செய்யுற பக்கத்துப் பண்ணைக்கும் காசு போகுது.

அடுத்த தடவை ஃபார்ம் ஸ்டே புக் பண்றப்போ ரெண்டே கேள்வி கேளுங்க: இந்த நிலத்துல யார் உழுறாங்க? இங்க விளையுறது என் தட்டுக்கு வருமா? பதில்லயே தெரிஞ்சிடும், நீங்க கொடுக்கிற காசு எங்க போகுதுன்னு.