பச்சையை அழிக்கும் லேசர்: நம் தோலுக்கு எது பொருந்தும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், கிள்ளான் வட்டாரத்தில் கிளினிக் நடத்திவரும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய அன்பர் பச்சை குத்துவது சரியா தவறா என்று பேசி அமர்ந்தார். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. குத்திய பச்சையை எடுப்பதற்கு ஒரு கிளினிக் லேசர் இயந்திரம் வாங்குகிறது என்றால், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். வாங்குகிறவர் டாக்டர்தான். ஆனால் அந்த இயந்திரத்தின் முன் கையை நீட்டப் போகிறவர் உங்கள் மகனாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். அதனால் நீங்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்கிறேன். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார்களின் கைகளில் பச்சைப் புள்ளிகளையும் கோலங்களையும் பார்த்திருப்பீர்கள். அதைப் பச்சை என்கிறோம். ஆனால் அதில் இருப்பது பச்சை நிறமல்ல; விளக்குக் கரி. கறுப்பு. தோலுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் கறுப்பு, மேலே இருந்து பார்க்கும்போது ஒளி சிதறுவதால் நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேசருக்கு மிக எளிதாக மசிகிற நிறம் இந்தக் கரிக்கறுப்பு. உண்மையான பச்சை மை இருக்கிறதே, அதுதான் மிகவும் பிடிவாதமானது. ஆக, பாட்டியின் பச்சையை எடுப்பது சுலபம், பேரனின் பச்சையை எடுப்பது கடினம். (சிரிப்பு)

லேசர் எப்படி வேலை செய்கிறது? 1960-களிலேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் ரூபி லேசரைப் பச்சையின் மீது செலுத்திப் பார்த்தார். 1983-இல் ஆண்டர்சன், பேரிஷ் என்ற இருவர் அதன் தத்துவத்தை எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் ஒளியை, அந்தச் சூடு பக்கத்துத் தசைக்குப் பரவும் முன்பே நின்றுவிடும் அளவுக்குக் குறுகிய நேரத்தில் செலுத்தினால், அந்த நிறம் மட்டும் உடையும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். குறுகிய நேரம் என்றால் ஒரு வினாடியை 100 கோடியாகப் பங்கிட்டு அதில் 5 முதல் 10 பங்கு. அதற்குப் பெயர் நானோ வினாடி. கியூ-சுவிட்ச் என்று சொல்கிறோமே, அந்த இயந்திரங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. மை பொடிப்பொடியாகச் சிதறும். பிறகு நம் உடலின் காவல் அணுக்கள் அந்தப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும்.

இப்போது கேள்வி இதுதான். தோலில் மை மட்டுமா கறுப்பு? நம் தோலும் கறுப்புதானே! மெலனின் என்ற கருமை நிறமி நமக்கு இயற்கை கொடுத்த குடை. லேசர் ஒளிக்கு அது குடை என்றும் தெரியாது, மை என்றும் தெரியாது. உறிஞ்சுகிறதா, சுட்டுவிடும். அலைநீளம் குறையக் குறைய மெலனின் அதிகம் உறிஞ்சும். 532 நானோமீட்டர் என்ற பச்சை ஒளி சிவப்பு மைக்கு நல்லது. ஆனால் நம் தோலை வெகுவாகத் தாக்கும். 694 ரூபி, 755 அலெக்சாண்டிரைட் ஆகியவை பச்சை, நீல மைகளுக்கு உதவும்; நம் தோலில் வெளிர்ந்த திட்டுகள் விழும் அபாயமும் உண்டு. 1064 என்ற என்டி-யாக் லேசர் ஒன்றுதான் மெலனினை ஓரளவு விட்டுவிட்டு ஆழத்தில் உள்ள கறுப்பு மையைத் தேடிப் போகிறது. வெள்ளைக்காரர்களுக்காக எழுதப்பட்ட விற்பனைத் தாளில் எத்தனை அலைநீளம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நம் நாட்டில் கிளினிக் நடத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் நல்ல 1064 இருக்கிறதா என்பதைத்தான்.

நல்ல என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நான் அதில் ஏமாந்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் சிறிய இயந்திரம் ஒன்றைப் பார்த்தேன். மேசை மேல் வைத்துக்கொள்ளலாம். விலையோ பெரிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதி. விற்க வந்தவர் கையேட்டைத் திறந்து காட்டினார். 1064 இருக்கிறது, 532 இருக்கிறது, ஆற்றல் 2,000 மில்லிஜூல் என்று அச்சிட்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு தம்பி வந்தார். வயது இருபதைத் தாண்டியிருக்காது. முன்கையில் ஓர் எண். எந்த எண் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை. அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார். "சீருடை வேலைக்கு மனு போடணும் டாக்டர், இதோட போனா வாசலிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார் அந்தத் தாய். நான் தைரியம் சொல்லி ஆரம்பித்தேன். இரண்டு முறை செய்தும் மை அசையவில்லை. ஆற்றலைக் கூட்டினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னேன். ஆறாவது முறை முடிந்து புண் ஆறியபோது பார்க்கிறேன், கறுப்பு மறைந்துவிட்டது. அதே இடத்தில், அதே வடிவத்தில், வெள்ளையாக அந்த எண் நிற்கிறது. தூரத்தில் இருந்தே படிக்கலாம்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பரவாயில்லை டாக்டர், கறுப்பு போச்சே" என்று சொன்னார்.

அதன் பிறகுதான் ஒரு மூத்த மருத்துவரிடம் ஆற்றல் அளக்கும் கருவியைக் கடன் வாங்கி என் இயந்திரத்தை அளந்தேன். கையேட்டில் போட்டிருந்த 2,000 என்பது உள்ளே விளக்குக்குப் போகும் மின்சக்தியின் கணக்கு. தோலில் விழுந்ததோ அதில் மிகச் சிறிய பங்கு. இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மைக்கு ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 3 ஜூல் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒளிப்புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால் சுமார் 95 மில்லிஜூல் போதும். 4 மில்லிமீட்டர் என்றால் 375 வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு 850 வேண்டும். சக்தி இல்லாத இயந்திரம் என்ன செய்யும்? புள்ளியைச் சுருக்கிக்கொள்ளும். சின்னப் புள்ளியின் ஒளி தோலின் மேல்தட்டிலேயே சிதறிவிடும், ஆழத்துக்குப் போகாது. மை அசையவில்லையே என்று டாக்டர் ஆற்றலைக் கூட்டுவார். மேல்தோல் வெந்துபோகும். நிறம் தரும் அணுக்கள் செத்துப்போகும். அந்தத் தம்பியின் கையில் நடந்தது இதுதான்.

ஆகவே, இளம் டாக்டர்களுக்குச் சொல்கிறேன். விற்பனையாளர் வரும்போது அளவுக் கருவியுடன் வரச் சொல்லுங்கள். "4 மில்லிமீட்டரில் தோலுக்கு எவ்வளவு வருகிறது, 6-இல் எவ்வளவு வருகிறது, என் கண் முன்னால் அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிறகு எரிதாளில் சில முறை சுடச் சொல்லுங்கள். விழுகிற வட்டம் ஒரே சீராக வெளுத்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஓட்டை போட்டாற்போல் எரிந்திருந்தால், நோயாளியின் தோலிலும் நடுவில் அப்படித்தான் எரியும். கண்ணாடிகள் பொருத்திய மடங்கு கையின் வழியாக ஒளி வரும் பெரிய இயந்திரங்களில்கூட, இடம் மாற்றும்போது கண்ணாடி சற்று விலகினால் வட்டம் பிறை நிலா ஆகிவிடும். கிளினிக்குக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகு மறுபடியும் தாளில் சுட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பைக்கோ பற்றிக் கேட்பீர்கள். இப்போது எல்லா விளம்பரத்திலும் அந்தச் சொல்தான். நானோவைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு அது. இயந்திரங்கள் பெரும்பாலும் 300 முதல் 750 பைக்கோ வினாடிகளில் இயங்குகின்றன. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பச்சை அகற்ற முதல் பைக்கோ இயந்திரத்துக்கு அனுமதி தந்தது. அதன் அலைநீளம் 755. பச்சை, நீல மைகளுக்கு அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பிற்பாடு 1064 பைக்கோவும் வந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுத்த தோலும் கறுப்பு மையும் உள்ளவர்கள் என்றால், நல்ல நிலையில் உள்ள நானோ என்டி-யாக் ஒன்றே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். இது என் அபிப்பிராயம், மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தையும் நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடன். விலை உயர்ந்த இயந்திரத்துக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். கட்ட வேண்டும் என்றால் படுக்கை காலியாக இருக்கக் கூடாது. அப்போது டாக்டரின் வாய் தானாகவே "மூன்று வாரத்தில் வாங்க" என்று சொல்லும். என் வாயும் சொன்னதே! 2012-இல் இத்தாலிய மருத்துவர்கள் 352 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. 10 முறை செய்த பிறகு பச்சை வெற்றிகரமாக நீங்கியவர்கள் 47 விழுக்காட்டினர். 15 முறைக்குப் பிறகு 75 விழுக்காட்டினர். புகைபிடிப்பவர்களுக்குப் பலன் குறைவு. 8 வாரமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விட்டுச் செய்தவர்களுக்கும் பலன் குறைவு. காரணம், மையை அள்ளுகிற காவல் அணுக்களுக்கு நேரம் வேண்டும். 2018-இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள்: ஓர் அணு செத்து மையைக் கொட்டினால், அடுத்த அணு வந்து அதையே அள்ளி வைத்துக்கொள்கிறது. பச்சை ஆயுளுக்கும் நிற்பதன் ரகசியம் அது. அந்த அணுக்களுக்கு நம் வங்கித் தவணைத் தேதி தெரியாது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நோயாளி வந்தாலும் தாங்கும் விலையில் இயந்திரம் வாங்க வேண்டும் என்பேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது 737-ஆவது சட்டத்தின்படி, இத்தகைய கருவி மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனையாளரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இயக்குகிறவர் பதிவுபெற்ற மருத்துவராகவும், அழகியல் சிகிச்சைக்கு எல்.சி.பி. சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். அழகு நிலையத்தில் மலிவாகச் செய்கிறார்கள் என்று போய்விடாதீர்கள். சில இடங்களில் முடி நீக்கும் ஐ.பி.எல். விளக்கையே பச்சையின் மீது வைக்கிறார்கள். அதன் ஒளி நானோ அல்ல, மில்லி வினாடிக் கணக்கில் நீடிப்பது. மை உடையாது, சூடேறிச் சுற்றியுள்ள தசையை வேகவைக்கும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி. தெரியாத காரணத்தால் இமைக்கத் தோன்றாது. நேரே விழித்திரையைச் சுட்டுவிடும். இயந்திரம் வாங்கும்போதே 1064-க்கும் 532-க்கும் உரிய காப்புக் கண்ணாடிகளை, டாக்டருக்கு, தாதிக்கு, நோயாளிக்கு என்று எண்ணி வாங்குங்கள். அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டாதீர்கள். மகன் வலியில் துடிக்கிறான் என்று அம்மா திடீரெனக் கதவைத் திறந்து உள்ளே வந்துவிடுவார். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது.

புருவத்துக்கும் உதட்டுக்கும் நிறம் குத்திக்கொண்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மைகளில் டைட்டானியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்திருக்கும். லேசர் பட்ட நொடியில் இளஞ்சிவப்பு உதடு கருத்துப்போகலாம். எவ்வளவு உயர்ந்த இயந்திரமாக இருந்தாலும் முதலில் ஒரு சிறு புள்ளியில் சோதித்துப் பார்க்காமல் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன மாதம் ஓர் இளம் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, ஒரு இயந்திரம் பார்த்திருக்கேன், நல்ல விலைக்குக் கிடைக்குது, வாங்கலாமா?" என்றார். பழுதானால் உதிரிப் பாகம் கோலாலம்பூரில் இருக்கிறதா, பழுது பார்க்கும் நாட்களில் மாற்று இயந்திரம் தருவார்களா, விளக்கு எத்தனை ஆயிரம் சுடுதலுக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்றெல்லாம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அளந்து பார்த்தீர்களா என்றேன். இல்லை என்றார். இந்தச் சனிக்கிழமை அந்த விற்பனையாளர் அளவுக் கருவியோடு வருகிறார். நானும் எரிதாளோடு போகிறேன்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். ஈராண்டு கழித்து வெள்ளையின் ஓரங்களில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. கட்டணம் அனைத்தையும் திருப்பிக் கொடுத்தேன். சீருடை வேலைக்கு அவர் மனு போடவே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், கல்யாணம் ஆகிவிட்டது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வீட்டுக்கு வருவார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பார்.