நின்றபடி பால் கொடுக்கும் தாய்

பார்வையற்ற ஒருவர் சாலையோரம் நின்று, "போகலாம்" என்கிறார். கூட வந்த நாய் அசையவில்லை. முனையில் ஒரு கார் சத்தமில்லாமல் திரும்புகிறது. சொல்பேச்சுக் கேட்பது மட்டுமல்ல, சமயம் பார்த்துச் சொல்லைத் தட்டவும் இந்த நாய்க்குத் தெரிய வேண்டும்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 1929-இல் தொடங்கிய, பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் 'தி சீயிங் ஐ' நிறுவனத்தில் பிறந்த 98 குட்டிகளை, எமிலி பிரே என்ற ஆய்வாளரின் குழு கண் திறக்காத நாள்முதல் கவனித்தது. 2017-இல் வெளியான முடிவு பலரையும் வியக்கவைத்தது. எந்நேரமும் நக்கிக் கொடுத்து, அணைத்தே வைத்திருந்த தாய்களின் குட்டிகள்தான் பயிற்சியில் அதிகம் தோற்றன.

பால் குடிக்கும் காட்சியைப் பாருங்கள். தாய் படுத்திருந்தால் காம்பு வாயருகே வந்துவிடும். அவளே நின்றுகொண்டோ உட்கார்ந்தோ கொடுத்தால், குட்டி எம்பி, தடுமாறி, விழுந்து, மறுபடி எட்டிப் பிடிக்க வேண்டும். அப்படிப் போராடிக் குடித்த குட்டிகளே பின்னாளில் அதிகம் தேறின. பாசம் வேண்டாம் என்பதல்ல. சின்னச் சின்னச் சிரமங்களும் வேண்டியிருக்கின்றன.

பிறவிக்குணத்துக்கும் பங்குண்டு. எட்டு வார வயதுள்ள 375 குட்டிகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2021-இல் வெளியானது. இரண்டு கிண்ணங்களில் ஒன்றுக்கடியில் தீனியை ஒளித்துவைத்து, மனிதர் விரலால் காட்டுவார். அந்தச் சைகையைப் புரிந்துகொள்வதில் குட்டிகளிடையே தெரிந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் மரபணு வழி வந்தது. முதல் தடவையிலேயே பெரும்பாலான குட்டிகள் விரல் காட்டிய கிண்ணத்தை நோக்கி ஓடின.